சுடாததற்கு எழுதிய மனு

இதில் பாதியை நான் நேரில் பார்க்கவில்லை, அண்ணே. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரையில் நடந்தது முழுக்க அவர் வாயால் கேட்டது. அதையும் அவர் எனக்குக் கதையாகச் சொல்லவில்லை, எழுதிக்கொள் என்றார், எழுதினேன். கொஞ்சம் டீக்கடை சம்பங்கி சொன்னது. மீதிக்கு நானே சாட்சி. எது கேட்டது, எது பார்த்தது என்று அங்கங்கே சொல்லிவிடுவேன். நீங்கள் நாளைக்கு யாரிடமாவது சொல்லும்போது மாறிவிடக் கூடாது.

இப்போது இறங்கிப் போனாரே, காக்கி பேண்ட், தோளில் துண்டு, அவர்தான். நான் எழுந்து இடம் கொடுத்தேன், நீங்களும் பார்த்தீர்கள். உட்காரவில்லை. முழங்கால் வலியோடு பதினோரு ஸ்டாப்பும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். "என்ன தம்பி, தகராறா?" என்று கேட்டீர்கள். தகராறெல்லாம் ஒன்றும் இல்லை. அவருக்கு என் மேல் ஏதோ வருத்தம். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அவருக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தவன் நான். ஒரு பைசா வாங்கவில்லை.

பெயர் தனகோடி. ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம். ஊரில் மிலிட்டரி என்றால்தான் தெரியும். திரும்பி வந்ததும் சொந்தமாக லைசென்ஸ் எடுத்து ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி வாங்கினார். எங்கள் பக்கத்தில் ராணுவத்திலிருந்து வருகிற பல பேருக்கு அதுதான் அடுத்த பிழைப்பு. துப்பாக்கி தன்னுடையதாக இருக்க வேண்டும், அப்போதுதான் வங்கி வாசலில் கன்மேன் வேலை. துப்பாக்கி இல்லாத கன்மேனை யாரும் சேர்க்க மாட்டார்கள். பதினான்கு வருஷமாகக் காலையில் துப்பாக்கியைக் கான்வாஸ் உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார், சாயங்காலம் மெயின் ரோட்டில் இறங்கி, ஏரிக்கரை மேலேயே இரண்டு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வருவார்.

வீட்டில் யாரும் இல்லை. மனைவி இறந்து ஆறு வருஷம். மகன் ஓசூரில், பொங்கலுக்கு வருவான், சில பொங்கலுக்கு வர மாட்டான். அவர் வீட்டில் சத்தம் என்றால் டிவிதான். அதுவும் இந்திச் செய்தி. தெருவில் அதைக் கேலி பேசுவார்கள். "மிலிட்டரி, இன்னிக்கு டில்லில இன்னா கொழம்பு?" என்பார்கள். அவர் சிரித்துவிட்டுப் போவார். இருபத்திரண்டு வருஷம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவர்கள் எல்லாம் அந்தப் பாஷைக்காரர்கள். தமிழில் அவருக்குப் பேச ஆள் இல்லை, இந்தியில் பேச ஊரில் ஆள் இல்லை.

அது மே மாசம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு மெசேஜ் சுற்றிக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்து நானூறு பேர் இறங்கியிருக்கிறார்களாம், தலையில் கோணிப்பை போட்டு வருவார்களாம், பிள்ளைகளைக் கோணியில் கட்டித் தூக்கிப் போவார்களாம். எங்கள் கிழக்குத் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. நான்தான் அட்மின். தெருவில் முதல் டிகிரி என்னுடையது, பி.எஸ்ஸி. கணக்கு. அதனால் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, டிகிரி என்பார்கள். அந்த மெசேஜ் எனக்கு வந்தது. பிள்ளைகள் இருக்கிற தெரு, அனுப்பாமல் விட்டு நாளைக்கு ஏதாவது நடந்தால் என்ன செய்வது? அனுப்பினேன். ஆனால் அப்படியே அனுப்பவில்லை. கீழே "உறுதி செய்யப்படாத தகவல், எச்சரிக்கையாக இருக்கவும்" என்று நானாக ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை யாரும் படிக்கவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

குரூப்பில் தனகோடியும் இருந்தார்.

இனிமேல் வருவது அவர் சொன்னது.

ஆறு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார். கோடை மழை, பொடித் தூறல். கரையில் ஏறிப் பாதி தூரம் வந்தாயிற்று. உங்களுக்கு அந்தக் கரை தெரியாது. ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் கருவேல முள். ஒதுங்க இடமே கிடையாது. எதிரே ஒரு ஆள் வருகிறான். தலையில் கோணிப்பை. ஒரு கை வெளியே வீசி வருகிறது. இன்னொரு கை கோணிக்கு உள்ளே, நெஞ்சோடு எதையோ பிடித்திருக்கிறது.

தனகோடி பயப்படாத ஆள் இல்லை. அவரே சொன்னார். "பயம் வந்துச்சுன்னு எழுது தம்பி, மறைக்காத" என்றார். ஆனால் அவர் பயம் வேறு மாதிரி. தன்னிடம் கடத்துவதற்குப் பிள்ளை இல்லை. துப்பாக்கி இருக்கிறது. ராணுவத்தில் ஆள் செத்தால் அழுவார்களாம், ஆயுதம் தொலைந்தால் யாருக்கும் முகம் கொடுக்க முடியாதாம். வருகிறவன் துப்பாக்கிக்குத்தான் வருகிறான் என்று நினைத்தார். திரும்பி ஓடலாமா என்றால் முழங்கால் விடாது. ஒதுங்கி வழி விடலாமா என்றால் வழியே அவ்வளவுதான், தோளோடு தோள் உரசித்தான் போக வேண்டும். உரசுகிற நேரத்தில் கோணிக்குள் இருக்கிற கை வெளியே வந்தால்?

நடக்கும்போது அவர் துப்பாக்கி வெறும் கட்டைதான். தோட்டா இரண்டும் சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கும். வங்கி வாசலில் போய்த்தான் போடுவார். பதினான்கு வருஷத்தில் வழியில் ஒரு நாளும் போட்டதில்லை. அன்றைக்கு உறையைக் கழற்றினார். குழலை மடக்கி ஒரு தோட்டா போட்டார்.

ஏன் ஒன்று என்று கேட்டேன். "ரெண்டு போட்டா ரெண்டும் பூடும் தம்பி. ஒண்ணுன்னா கை கொஞ்சம் யோசிக்கும்."

பிறகு ஒரு பனை மரத்துப் பக்கத்தில் நின்றுகொண்டார். கொஞ்ச தூரத்தில் பொதுப்பணித் துறை நட்ட எல்லைக் கல் ஒன்று, சுண்ணாம்பு அடித்தது. அந்த மங்கல் வெளிச்சத்திலும் தெரிந்தது. மனதுக்குள் முடிவு செய்தார். அந்தக் கல்லைத் தாண்டினால் சுடுவது. தாண்டாத வரைக்கும் இல்லை. "கோட்ட மொதல்லயே போட்டுடணும்" என்றார். "பயம் ஏறினப்புறம் போட்டா, அது உங்கூடவே பின்னால பின்னால வந்துனே இருக்கும்."

"யார்ரா அது? நில்லு!" என்று சத்தம் போட்டார்.

அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக நடந்தான்.

"டேய், நில்லுடா! சுட்டுடுவேன்!"

இன்னும் வேகம். கிட்டத்தட்ட ஓட்டம்.

இதற்குக் காரணம் பிற்பாடு தெரிந்தது. அந்த ஆள் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற செங்கல் சூளையில் கல் அறுக்கிறவன். ஜார்க்கண்ட். பெயர் சோம்ரா. வந்து நாலு மாசம்தான். சூளைக்கு வருகிற புது ஆட்களுக்குப் பழைய ஆட்கள் முதலில் சொல்லிக் கொடுக்கிற பாடம் ஒன்று உண்டாம். ஊர்க்காரன் யாராவது டேய் என்று கத்தினால் நிற்காதே, நிமிர்ந்து பார்க்காதே, தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விடு. நின்றால் அடி விழும். சோம்ரா பாடத்தை ஒழுங்காகச் செய்தான். அவர் கத்தக் கத்த அவன் துப்பாக்கியை நோக்கியே வேகமாக வந்தான்.

மூன்றாவது தடவை கத்த வேண்டும். காவலில் நிற்கிறவன் சுடுவதற்கு முன் மூன்று தடவை கூப்பிட வேண்டும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஏறிய விஷயம். சேஃப்டியைத் தள்ளியாயிற்று. வாயைத் திறந்தார். தமிழ் வரவில்லையாம். எந்தெந்த மலையிலோ எந்தெந்தக் குளிரிலோ காவல் நின்று கத்திய வாய் தானாகக் கத்தியது.

"தம்! கோன் ஆத்தா ஹை?"

நில், வருவது யார் என்று அர்த்தம்.

அவன் ஆணி அடித்தது போல் நின்றான். கல்லுக்கு இன்னும் நாலு எட்டு இருந்ததாம். இரண்டு கையும் மேலே போயிற்று. கோணி நழுவி விழுந்தது. நெஞ்சோடு பிடித்திருந்தது சேற்றில் விழுந்தது. போன். மழையில் நனையாமல் உள்ளே வைத்துப் பேசிக்கொண்டு வந்திருக்கிறான். சூளையில் சிக்னல் கிடையாது, கரைக்கு வந்தால்தான் வீட்டுக்குப் பேச முடியும். சேற்றில் கிடந்த போனிலிருந்து ஒரு பெண் குரல் அலோ, அலோ என்று கத்திக்கொண்டே இருந்ததாம்.

"மஜ்தூர், சாப். மஜ்தூர்" என்றான் அவன். கூலிக்காரன் ஐயா, கூலிக்காரன்.

தனகோடி தோட்டாவை எடுத்துப் பையில் போட்டார். பனை மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். எந்த ஊர் என்று அவன் பாஷையில் கேட்டார். அவன் சொன்ன ஊருக்குப் பக்கத்து ஊரில், ராஞ்சியில், அவர் இரண்டு வருஷம் இருந்திருக்கிறார். போனை எடுத்துத் துடைத்து, முதலில் பெண்டாட்டிக்குப் பதில் சொல்லு என்று கொடுத்தாராம்.

இங்கேயிருந்து நான் பார்த்தது.

அந்த நேரத்தில் சம்பங்கி டீக்கடை வாசலில் இருபது இருபத்தைந்து பேர் நின்றிருந்தோம். கோணி போட்டவன் ஒருத்தன் கரைப் பக்கம் போனான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எல்லார் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. நான் ஓரமாகத்தான் நின்றேன். என் கையில் ஒரு கிரிக்கெட் ஸ்டம்பு இருந்தது. நான் எடுத்து வரவில்லை, யாரோ கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்வதற்குள் கைக்கு வந்துவிட்டது. தற்காப்புக்கு என்றுதான் வைத்திருந்தேன்.

கரையிலிருந்து தனகோடி இறங்கி வந்தார். பக்கத்தில் அந்த ஆள், தலை நனைந்து ஒட்டிப்போய்.

"டேய், மிலிட்டரி புடிச்சினு வந்துட்டான்டா! உடாத, உடாத!"

"புடிக்கல. கூட வரான்" என்றார்.

"கூட வரானா? கோணி எங்க?"

அப்போதுதான் பார்த்தோம். கோணிப்பையைத் தனகோடி தன் தலையில் போட்டிருந்தார். "இங்க கீது. நானும் புள்ள புடிக்கறவன்தான். வா, வந்து கட்டு என்ன."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்தால் கூட்டத்துக்குச் சுருதி இறங்கிவிடும். ஆனால் பால்காரர் பெண்டாட்டி மரகதம் முன்னால் வந்தாள். "உனுக்கு இன்னா, பேரப்புள்ள ஓசூர்ல பத்திரமா கீது. எங்க புள்ளைங்க தெருவுல ஆடுதுங்க. உனுக்கு வலிக்குமா?"

பேரனை அவர் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார்.

"படிச்சவன் ஒருத்தன் கீறான் இல்ல, அவனக் கேளுங்க" என்று ஒருத்தர் என்னைக் காட்டினார். "டிகிரி, நீதானே அனுப்ச்ச? மெசேஜ் நெஜமா, பொய்யா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நிஜம் என்று சொன்னால் அந்த ஆள் கதி என்ன? பொய் என்று சொன்னால், பொய் என்பதற்கு என்னிடம் ஆதாரம் எங்கே? "உறுதி செய்யப்படாத தகவல்னு கீழே போட்டிருக்கேன்" என்றேன். உண்மை அதுதானே?

தனகோடி என் கையைப் பார்த்தார். "இது ஆஃப் ஸ்டம்பா தம்பி, மிடில் ஸ்டம்பா?" என்று கேட்டார்.

பிறகு சம்பங்கியிடம் இரண்டு டீ சொன்னார். இரண்டு பேரும் எல்லார் முன்னாலும் நின்றபடியே குடித்தார்கள். குடித்து முடிக்கிற வரைக்கும் யாரும் பக்கத்தில் போகவில்லை. துப்பாக்கியைப் பார்த்துப் போகவில்லையா, டீ குடிக்கிறவனை எப்படி அடிப்பது என்று போகவில்லையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மழை வலுத்தது. ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள். அவர் அவனைச் சூளை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் வெள்ளைத் தாள் இரண்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, ஸ்டேஷனுக்கு ஒரு ரிப்போர்ட் எழுதணும். எனக்குத் தமிழ் எழுத வராது, படிக்கத்தான் வரும்."

"யார் மேல சார்?"

"எம்மேல. நேத்து வழியில தோட்டா போட்டேன். ஆள் மேல குறி வச்சேன்."

"நீங்க சுடவே இல்லையே."

"சுடலன்னும் எழுது."

"யாரும் பார்க்கல சார். அவனுக்கும் புகார் சொல்ல வாய் கிடையாது. எதுக்கு வம்பு?"

"தோட்டா போட்டா ரிப்போர்ட் போவணும். அவ்ளோதான்."

சட்டம் படிக்கிற என் பழைய வகுப்புத் தோழனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். உயிருக்கு ஆபத்து என்று நியாயமான அச்சம் இருந்தால் தற்காப்பு உரிமை உண்டு, சுடாதவருக்கு என்னடா பிரச்சினை என்றான். நியாயமான அச்சம் என்றால் எத்தனை அடி தூரம் என்று கேட்டேன். அதையெல்லாம் நீதிபதி பார்த்துக்கொள்வார் என்றான்.

சரி என்று எழுதினேன். அவர் சொன்ன எதையும் மாற்றவில்லை, ஒரு இடம் தவிர. "பயம் எதனாலன்னா, போன்ல வந்த மெசேஜ்னு எழுது. எந்த குரூப்புல வந்துச்சுன்னும் எழுது" என்றார். நான் "ஊரில் பரவியிருந்த வதந்தியின் காரணமாக" என்று எழுதினேன். பொருள் ஒன்றுதான், அண்ணே. அரசு வேலைக்குக் குரூப் நான்கு தேர்வு எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு வேலை கிடைத்தால் போலீஸ் விசாரணை வரும். ஸ்டேஷன் காகிதத்தில் என் குரூப் பெயர் எதற்கு? எங்கள் அம்மா கல் உடைத்துப் படிக்க வைத்த டிகிரி.

அவர் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். அந்த இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் கையெழுத்துப் போட்டார். நல்ல எழுத்து தம்பி என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. சிரித்தாராம். "பெரியவரே, சுட்டாதான் கேஸு. சுடாததுக்கு எந்த ரிஜிஸ்டர்ல எழுதறது?" இவர் விடவில்லை. ரசீது வாங்காமல் நகர மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ரசீது கொடுத்தார்கள். கொடுத்தால் காகிதம் மேலே போகும் இல்லையா? போயிற்று. ஊரெல்லாம் பிள்ளை பிடிக்கிறவன் கலவரம், இதில் பொது வழியில் துப்பாக்கி நீட்டியவர் ஒருத்தர் தானே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று மேலே பயந்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் லைசென்ஸ் நிறுத்தம், துப்பாக்கி ஸ்டேஷனில் ஒப்படைப்பு, விசாரணை முடிகிற வரைக்கும். துப்பாக்கி போனதும் வங்கி வேலையும் போயிற்று. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். கையில் விசில்.

டீக்கடையில் ஸ்டம்பும் கழியும் பிடித்து நின்ற இருபத்தைந்து பேரில் ஒருத்தர் மேலும் ஒரு காகிதம் இல்லை.

அந்த ஜூன் மாசம் மட்டும் அவர் கொஞ்சம் நன்றாக இருந்தார் என்று சம்பங்கி சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் சோம்ரா கரைக்கு வருவான். இரண்டு பேரும் பனை மரத்தடியில் உட்கார்ந்து பேசுவார்களாம். தனகோடி கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாராம், அவர் அப்படிப் பேசி ஊரில் யாரும் பார்த்ததில்லை. மழைக்காலத்துக்குச் சூளையை நிறுத்தியதும் அந்த ஆட்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். கொடுத்துப்போன நம்பர் போகவில்லையாம். அவர் இப்போதும் கரை மேலேதான் நடந்து வருகிறார். பார்த்திருக்கிறேன். அந்தப் பனை வந்ததும் நிற்பார், பிறகு நடப்பார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், என் ஸ்டாப் வருகிறது.

விசாரணைக்கு வருவாய்க் கோட்ட ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து நோட்டீஸ் வரும், தூரம் எல்லாம் கேட்பார்கள் என்று தோழன் சொன்னான். எனக்குத் தூக்கம் போயிற்று. மனு நான் கைப்பட எழுதியது. ஏதாவது தப்பு இருந்தால் எழுதியவனையும் கூப்பிடுவார்களே? சூளை ஆட்கள் லாரி ஏறுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அங்கே போனேன். சோம்ரா துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அவன் பாஷை தெரியாது, அவனுக்கு என் பாஷை தெரியாது. கையைப் பிடித்துக் கரைக்கு அழைத்துப் போனேன். பனை மரத்தடியில் நின்று, துப்பாக்கி பிடிப்பது போல் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். நீ எங்கே நின்றாய் என்று கேட்பதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனால் புரிந்துகொண்டான். தூரமாகப் போனான், தலையைக் குனிந்தான், வேகமாக வந்தான். நின்றான். இரண்டு கையையும் மேலே தூக்கினான். நான் நடந்து எண்ணி முடிக்கிற வரைக்கும் தூக்கியபடியே நின்றான். கையை இறக்கு என்று சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை.

மனுவில் என் எழுத்தில் இப்படி இருக்கிறது: "மேற்படி நபர் எல்லைக் கல்லுக்கு நான்கு எட்டு முன்பாகவே நின்றுவிட்டபடியால் சுட வேண்டிய அவசியம் எனக்கு ஏற்படவில்லை." அவர் சொன்ன வாசகம், நான் ஒரு எழுத்து மாற்றவில்லை.

மூன்று தடவை எண்ணினேன், அண்ணே. அவன் நின்றது கல்லைத் தாண்டி, பனைப் பக்கமாக, ஆறு எட்டு.